அமைச்சர் சொன்ன குடும்பம்

கேள்வி நேரம் தொடங்கியபோது பங்கு மண்டபத்தில் கதிரைகள் போதவில்லை.

தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம் அது. பிறந்தநாளுக்கும் பூப்புனித விழாவுக்கும் நிறைகிற சனம், அன்று ஒட்டாவாப் பாராளுமன்றத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க வந்திருந்தது. மொன்றியலைச் சுற்றியுள்ள ரொக்ஸ்பரோவிலிருந்தும் லொங்குய்யிலிருந்தும் வந்தவர்களில் பாதிப்பேர் வேலையிடத்தில் காய்ச்சல் என்று பொய் சொல்லியிருந்தார்கள்.

2009 மாசி மாதம். இலங்கையில், வன்னியின் சனம் முழுவதும் பாதுகாப்பு வலயம் என்ற ஒரு கடற்கரைத் துண்டுக்குள் அடைபட்டுக் கிடந்தது. அங்கேயும் ஆமியின் செல் குண்டுகள் விழுந்தன.

முன்வரிசையில் அல்பேட்டும் மனைவி யோசெப்பினும் இருந்தார்கள். அவளுக்கு நெஞ்சைப் பிளந்து இதய ஒப்பரேஷன் செய்திருந்தது. இருமல் வந்தால் நெஞ்சோடு அணைக்கும்படி ஆஸ்பத்திரியில் கொடுத்த குட்டித் தலையணை மடியில் கிடந்தது. அவளுடைய ஒரே தம்பி குடும்பத்தோடு அந்தக் கடற்கரைக்குத்தான் போயிருந்தான்.

முதலில் ஆப்கானிஸ்தான். பாதுகாப்பு அமைச்சர் வெளியூர் போயிருந்ததால் வெளிவிவகார அமைச்சரே அவருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார். படையினர் எப்போது திரும்புவார்கள் என்று கேட்டால், அவர்கள் எவ்வளவு வீரமானவர்கள் என்று சொன்னார். அவருடைய கட்சிக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

“இதென்ன, பூசைக்கு எழும்புற மாதிரி எழும்புறாங்கள்,” என்றாள் யோசெப்பின்.

பிறகு எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் ஒருவர் எழுந்தார். அந்த ஒரு கேள்வியைக் கேட்க வைக்க, பங்கு இளைஞன் றெக்ஸ் குளிர்காலம் முழுவதும் பனிக்குள் உறுப்பினர்களின் வாசல்களில் அலைந்திருந்தான். போரை நிறுத்தும்படி கனடா வெளிப்படையாகக் கேட்குமா? பெரிய நாடொன்று வாய் திறந்தால் ஒரு கிழமைக்காவது செல்லடி நிற்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். நம்புவதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

அமைச்சர் எழுந்தார்.

நிலைமையைக் கவனித்து வருவதாகச் சொன்னார். உறுப்பினர் இவ்வளவு பதற வேண்டியதில்லை என்றும் சொன்னார். மொன்றியலில் ஒரு தமிழ்க் குடும்பத்தை அவரே நேரில் சந்தித்தாராம். அவர்களுடைய உறவுகள் அந்த வலயத்துக்குள்தான் இருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கதைத்தார்களாம். எல்லோரும் சுகமாம், சாப்பாடும் கிடைக்கிறதாம்.

மறுபடியும் கைதட்டு. அடுத்த கேள்வி மர ஏற்றுமதி பற்றியது.

றெக்ஸ் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். “ஆர் அந்த நாய்? ஆர் போய் உப்பிடிச் சொன்னது?”

அல்பேட் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன கிழமை லூர்து மாதா திருவிழா அன்று இதே அமைச்சர் மேலே தேவாலயத்துக்கு வந்திருந்தார். பூசை முடிந்ததும் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தார். உங்கள் ஆட்கள் அங்கே இருக்கிறார்களா, ஏதாவது செய்தி உண்டா என்று அல்பேட்டிடம் கேட்டார். பக்கத்தில் நின்ற யோசெப்பினும் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அல்பேட் சொன்னது நாலே நாலு வசனம். இவளுடைய தம்பி அங்கே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கதைத்தேன். எல்லோரும் சுகம். சாப்பாடு கிடைக்கிறது.

கேட்டதைப் படி இறங்குவதற்குள் மறந்துவிடுவதுதான் அமைச்சர்மாரின் வழக்கம். ஊரில் அவர் கண்ட அமைச்சர்மார் எல்லோரும் அப்படித்தான். இந்த மனிதர் மறக்கவில்லை.

நான்தான் என்று எழும்பிச் சொல்லிவிடும்படி மனம் பிடுங்கியது. கால் எழும்பவில்லை. இவ்வளவு சனத்தின் வாயிலும் மண்ணை அள்ளிப் போட்டது தானே என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. சாகலாம் போலிருந்தது.

எழும்பியது யோசெப்பின்.

“நாய் எண்டு சொல்லாதையும், றெக்ஸ். அந்தக் குடும்பம் நாங்கள்தான். இவர் என்ர தம்பியோட கதைச்சவர். உள்ளதைத்தானே சொன்னவர்!”

ஒப்பரேஷனுக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அல்பேட் கண்டதில்லை. ஒரு அமைச்சர், பாராளுமன்றத்தில் நின்று, தன் தம்பி சுகம் என்று சொல்லியிருக்கிறார். அவளுக்கு இனி அதில் சந்தேகமே இல்லை.

றெக்ஸ் உட்கார்ந்தான். மண்டபத்தில் ஒருவருக்கும் ஏச வாய் வரவில்லை. அவர்கள் ஏங்கிக் கிடந்ததும் இப்படி ஒரு செய்திக்குத்தானே.

பின்வரிசையிலிருந்து இமெல்டா கதிரைகளை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“அல்பேட் அண்ணை, எங்கட அக்காவையளும் அங்கதானே. அப்ப அந்தப் பக்கம் செல் விழேல்லையாமோ?”

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். தொலைக்காட்சியை ஒருவரும் பார்க்கவில்லை.

“சொல்லுங்கோவன்,” என்றாள் யோசெப்பின்.

அல்பேட் அவளைப் பார்த்தார். பிறகு இமெல்டாவைப் பார்த்தார்.

“எல்லாரும் சுகம்,” என்றார். “சாப்பாடும் கிடைக்குதாம்.”

இமெல்டா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மூலையில் இருந்த பாதிரியார், பங்குச் சுவாமி, மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அல்பேட்டுக்கு வந்த அழைப்பு தம்பியுடையதல்ல, மன்னாரிலிருந்து வேறொரு சொந்தக்காரர் எடுத்தது என்பது சுவாமிக்குத் தெரியும். நெஞ்சுத் தையல் ஆறும்வரை யோசெப்பினுக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது என்று டொக்டர் சொன்னதும் தெரியும். அந்த அழைப்பு வந்த மறுநாள் காலை, அல்பேட் மட்டும் தனியே முழங்காலில் இருக்க, பெயரை உரத்து வாசிக்காமல் யோசெப்பினின் தம்பியுடைய ஆன்மாவுக்காகப் பூசை வைத்தவர் அவர்தான்.