கூடத்தில் ஓடும் கோடு

பூமியின் இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகரும் கோடு எங்கள் கூடத்தின் நடுவே ஓடுகிறது. அண்ணனும் நானும் பாகம் பிரித்தபோது அதையே எல்லையாக வைத்துக்கொண்டோம். நடுவில் சுவர்கூட எழுப்பவில்லை. அவன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். சாகும்வரை அப்படித்தான்.

அவன் பாதி வடக்கே நகர்ந்தது, என் பாதி தெற்கே. தரையில் பதித்திருந்த பெரிய கல்பூ இரண்டாகி விலகியது. வெளியே ஓடையும் முழங்கை மாதிரி வளைந்தது.

அண்ணன் போன பிறகு பூ மறுபடி சேர ஆரம்பித்தது.

வருடாவருடம் தட்டு நகர்வதை அளக்க வரும் நில ஆய்வாளர் அம்மா கருவியைத் தட்டிப் பார்த்தார். “தட்டு போன வழியில திரும்பி வராதுங்க. பூவை யாராவது மாத்திப் பதிச்சீங்களா?”

“அந்தப் பக்கம் நாங்க காலே வைக்கிறதில்லைங்க.”

இன்று காலை பூ இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தது. அண்ணனின் நாற்காலி என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

டீ கொண்டுவந்த மனைவி அப்படியே நின்றாள். “நீங்களா திருப்பினீங்க?”

இல்லை என்று தலையாட்டினேன். அவள் இன்னொரு டம்ளர் எடுக்கப் போனாள்.

“அவனுக்குச் சர்க்கரை தூக்கலா இருக்கணும்” என்றேன்.