ஆணி இல்லாத தாங்கி

“பொய் சொல்லாதீங்க மிஸ்டர் குணாளன். இத செஞ்சது நீங்கதானே?”

டோரதி டீச்சர் மேசைமேல் வைத்த போன் தாங்கியைக் குணாளன் பார்த்தார். மகள் ரூபினி தொழில்நுட்ப வகுப்புக்காக வீட்டில் செய்தது. நான்கு மரத்துண்டுகள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருந்தன. இடுக்கில் நகம்கூட நுழையாது. ரூபினி பக்கத்தில்தான் நின்றாள், உதட்டைக் கடித்தபடி.

“சத்தியமா நான் செய்யல டீச்சர். புள்ளயேதான் செஞ்சா.”

“பதினாலு வயசுப் பொண்ணா? உங்க சட்டையில என்ன போட்டிருக்கு?”

குணாளன் குனிந்து பார்த்துக்கொண்டார். நாற்காலி, மேசை செய்து விற்கும் ‘பெராபோட்’ கம்பெனியின் பெயர் நெஞ்சில் கொட்டை எழுத்தில் இருந்தது.

“நான் அங்க லோரி ஓட்டறேன் டீச்சர். ஏத்துவேன், இறக்குவேன், அவ்வளவுதான் லா. இப்பகூட வெளியில லோரி நிக்குது, கெப்பாலா பத்தாஸ் டவுனுக்கு அலமாரி போகணும்.”

“அப்போ கட்டைவிரல்ல ஏன் பிளாஸ்டர்? சுத்தியல் அடிதானே?”

குணாளன் சட்டென்று கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். முகம் திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆனது.

“பாருங்க, கையை ஒளிக்கிறீங்க!” டீச்சர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “போன வருஷம் எட்டு அப்பாமாருங்க செஞ்ச வேலைக்கு மார்க் போட்டு ஏமாந்தேன். இந்த வருஷம் விட மாட்டேன். ரூபினியே செஞ்சிருந்தா மாநிலக் கண்காட்சிக்கு அனுப்புவேன். நீங்க செஞ்சிருந்தா முட்டைதான். ஒரு மார்க்கும் கிடையாது.”

ரூபினியின் கண் கலங்கியது. அந்தக் கண்காட்சியைப் பற்றி அவள் ஒரு மாதமாக வீட்டில் பேசாத நாளில்லை.

டீச்சர் அலமாரியிலிருந்து இன்னொரு தாங்கியை எடுத்தார். “இது இவகூட இரட்டையாப் பொறந்த உங்க மகன் ஹரீஷ் கொண்டாந்தது. ஆணி வளைஞ்சிருக்கு, பசை வழியுது. போனை வெச்சா அது குனிஞ்சு வணக்கம் சொல்லுது. ஆனா இதுதான் புள்ளைங்க வேலை! பார்த்தாலே தெரியுது.”

குணாளன் பிளாஸ்டர் விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

ரூபினி அப்பாவைப் பார்த்தாள். அப்பா மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தார். இனி இவரை நம்பிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“டீச்சர், என் தாங்கியைத் திருப்பிப் பாருங்க. ஒரு ஆணி இருக்கா?”

டீச்சர் திருப்பினார். புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார். இல்லை.

“ஆணியே இல்லாததுக்கு சுத்தியல் எதுக்கு டீச்சர்? அப்பா விரல்ல அடிபட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

டீச்சர் எழுந்தார். “சரி. இடைவேளை முடிய இருபது நிமிஷம் இருக்கு. என் கண்ணு முன்னால ரெண்டு கட்டையைச் சேர்த்துக் காட்டு.”

பள்ளிப் பட்டறையில் ரூபினி பின்னலைத் தூக்கிக் கட்டிக்கொண்டாள். பென்சிலால் கோடு போட்டாள். மறுபடி அளந்து, இன்னொரு கோடு போட்டாள். ரம்பம் கோட்டைத் தொட்டும் தொடாமலும் இறங்கியது. உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, ஊதி, பொருத்திப் பார்த்து, மறுபடி சீவினாள். குணாளன் மூச்சு விடவும் மறந்து நின்றார்.

கடைசியில் இரண்டு கட்டைகளையும் சேர்த்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். டீச்சர் வாங்கி இழுத்துப் பார்த்தார். முழங்காலில் முட்டுக் கொடுத்தும் இழுத்தார். அசையவில்லை.

“அடோய்!” டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். “எங்க கத்துக்கிட்ட?”

“கம்பெனியில வேண்டாம்னு போடற கட்டையை அப்பா கொண்டாந்து தருவாரு. யூடியூப் பார்த்து அறுப்பேன் டீச்சர். மொதல் பத்தும் குப்பைக்குத்தான் போச்சு.”

குணாளனுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. லோரியின் ஹாரனை ஊர் முழுக்க அடிக்கலாம் போலிருந்தது.

“மன்னிச்சிருங்க மிஸ்டர் குணாளன், அநியாயமா சந்தேகப்பட்டுட்டேன்.” அறைக்குத் திரும்பியதும் டீச்சர் ரூபினியின் தாளில் இருபதுக்கு இருபது போட்டு, ‘கண்காட்சி’ என்று எழுதினார். பிறகு அந்தக் கோணல் தாங்கியையும் கையில் எடுத்தார். “ஹரீஷுக்குப் பதிமூணு. கோணலா இருந்தாலும் சொந்த உழைப்பு. கண்ணாடி அலமாரியில முன்னால வைக்கிறேன், எல்லாப் பெத்தவங்களும் பார்க்கட்டும்.”

“வேணாம் டீச்சர், அதெல்லாம் எதுக்கு...” என்று இழுத்தார் குணாளன். டீச்சர் கேட்கவில்லை, வைத்தேவிட்டார்.

லோரிவரை ரூபினி குதித்துக்கொண்டே கூட வந்தாள். கதவைத் திறந்த அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்து, பிளாஸ்டர்மேல் மெல்ல ஊதினாள்.

“இன்னும் வலிக்குதாப்பா?”

“விரல் வலிக்கலம்மா. அந்தப் பதிமூணுதான் கொஞ்சம் வலிக்குது.”

“கவலைப்படாதீங்க லா! ஹரீஷ் பந்து விளையாடப் போனதும் அவனோட தாங்கியை நீங்களே ஒரே நாள்ல ஆணி அடிச்சு செஞ்சீங்களே, மொதல் தடவையே பாஸ் ஆயிட்டீங்கப்பா!”