ஓட்டுப் போட ஒரு மணி நேரம்

"சும்மா கத்தாதே. சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து திறந்து விடறேன்."

வெளியே பூட்டு விழுந்தது. கடத்தல் கிடத்தல் எதுவும் இல்லை, பயந்துவிடாதீர்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கிற பெரியவரைப் பார்த்துக்கொள்ள மூன்று வாரமாக அந்த வீட்டுக்கு வேலைக்கு வருகிறவள் அவள். பூட்டிவிட்டுப் போனது பெரியவரின் மருமகள்.

அவள் கேட்டது ஒரே ஒரு மணி நேரம்தான்.

"மதியம் சாப்பிட்டதும் ஐயா தூங்கிடுவாரும்மா. அடுத்த தெருவுலதான் ஸ்கூல். ஓடிப்போய் ஓட்டுப் போட்டுட்டு வந்துடறேன்."

"நீ ஒருத்தி ஓட்டுப் போடலேன்னா குடிமுழுகிடுமா? எனக்கே இன்னிக்கு ஆபீஸ்ல பத்து நிமிஷம் நகர முடியாது, போன் அடிச்சுக்கிட்டே இருக்கும். என் தலை மறைஞ்சதும் நீ நழுவிடுவே. பூட்டிட்டுத்தான் போவேன்."

சொன்னபடியே செய்துவிட்டாள் மகராசி.

இதுவரை எந்தத் தேர்தலிலும் வாக்காளர் பட்டியலில் அவள் பேரே இல்லை. நடையாய் நடந்து, எழுதிக் கொடுத்து, திரும்பவும் எழுதிக் கொடுத்து, இந்தத் தடவைதான் பேர் வந்திருந்தது. நாற்பத்திரண்டு வயதில் முதல் ஓட்டு. ஆறு மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள்.

மணி மூன்று. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்து மதிலும் வரிசையின் கடைசியில் நின்ற நாலு பேரும் தெரிந்தார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்னம்மா, மூக்கை உறிஞ்சறே?" என்றார் பெரியவர். இன்றைக்கென்று பார்த்து மனுஷர் தூங்கவே இல்லை. "அழுது என்ன ஆகப்போகுது? டிவியில கீழே ஓடுது பாரு, படி."

படித்தாள். ஓட்டுப் போடச் சம்பளத்துடன் நேரம் தராத முதலாளிகள் மீது புகார் செய்யலாமாம். பக்கத்திலேயே ஒரு நம்பர்.

"வேலை போயிடுமேய்யா."

"போனா போகட்டும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உன் வேலை போகாம நான் பார்த்துக்கறேன். போடு நம்பரை. அப்படியே ஸ்பீக்கர்ல வை, எனக்கும் பொழுது போகணும்ல."

நாலு தடவை கிடைக்கவில்லை. ஐந்தாவது தடவை யாரோ எடுத்தார்கள். பின்னால் சந்தைக்கடை மாதிரி ஒரே இரைச்சல்.

"ஓட்டுப் போட விட மாட்டேங்கறாங்கம்மா," என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். "உள்ளே வெச்சுப் பூட்டிட்டு அவங்க வேலைக்குப் போயிட்டாங்க."

"பூட்டிட்டா? அடப்பாவமே. இவங்கள்லாம் மனுஷ ஜென்மமா? நீங்க அழாதீங்கம்மா. சம்பளத்தைப் பிடிக்காம நேரம் குடுத்தே ஆகணும், அது உங்க உரிமை. யாரு தடுத்தாலும் சரி, ஆறு மணிக்குள்ள நீங்க ஓட்டுப் போடறீங்க. அதுக்கு நான் பொறுப்பு."

என்ன கனிவு, என்ன மரியாதை. 'நீ' 'வா' 'போ' என்று கேட்டே பழகிய காதுக்கு அந்த 'நீங்க' புதுசாக இருந்தது.

"இப்பவே ஆள் அனுப்பிக் கதவைத் திறக்க வெக்கறேன். உங்களைப் பூட்டி வெச்ச அந்த முதலாளி யாரு? பயப்படாம சொல்லுங்க."

அவள் கையிலிருந்த போனையே பார்த்தாள். பெரியவர் போர்வையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, சொல்லு சொல்லு என்று கையாட்டினார்.

"நீங்கதாம்மா."