கப்பல் மரப் படிக்கட்டு

"அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் சார். மத்தியானம் வாங்க. சாதாரணமா தங்க வந்தவங்க மாதிரியே இருந்து பாருங்க. பிடிச்சிருந்தா கிரயத்தை முடிச்சுக்கலாம்."

அலுவலக அறைக்குள் தம்பி போனில் பேசியது, காபித் தட்டோடு வாசலில் நின்றவளின் காதில் விழுந்தது. கதவைத் தட்டப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

கடலைப் பார்த்துத் தாத்தா கட்டிய ஹோட்டல் அது. கணவன் இறந்த பிறகு அவள் வந்து ஒண்டிய இடம். ஒண்ட வந்தவள்தான் பிறகு அதைத் தூக்கி நிறுத்தினாள். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. விற்கலாம் என்று அவர்கள் வாயெடுக்கும்போதெல்லாம், "நானும் அக்காவும் இருக்கிற வரைக்கும் நடக்காது" என்று முதலில் எகிறியவன் இந்தத் தம்பிதான்.

மதியம் நடுத்தர வயதுத் தம்பதி வந்து இறங்கினார்கள். யார் வந்தாலும் நாற்காலியை விட்டு அசையாத தம்பி, ஓடிப்போய் அவர்கள் பெட்டியை வாங்கிக்கொண்டான். இவர்கள்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மாலையில் விருந்தினருக்கு ஹோட்டலைச் சுற்றிக் காட்டுவது அவள் வழக்கம். உடைந்து கரை ஒதுங்கிய கப்பலின் மரத்தில் தாத்தா படிக்கட்டு செய்த கதையை அவள் சொன்னால், கேட்பவர்கள் அதில் செருப்போடு ஏறக் கூசுவார்கள். நடனக் கூடத்தின் வண்ணக் கண்ணாடி வழியே அந்தி வெயில் தரையில் சிந்தும் நேரம் பார்த்து அங்கே கூட்டிப் போவாள். தேனிலவுக்கு வந்தவர்கள் பேரப்பிள்ளைகளோடு திரும்பி வந்து அதே அறையைக் கேட்ட கதையைச் சொல்லும்போது அவளுக்கே குரல் தழுதழுக்கும்.

அன்று கூடத்தின் திரைகளை இழுத்து மூடிவிட்டு, டியூப்லைட்டைப் போட்டாள்.

"இது கப்பல் மரம்னு கேள்விப்பட்டோமே?" படிக்கட்டின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே கேட்டார் அந்தப் பெண்.

"யாரோ கிளப்பிவிட்ட கதைங்க. உள்ளே பூரா கரையான். பார்த்து ஏறுங்க."

"இந்தக் கூடம் அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு? பழைய போட்டோ ஏதாவது இருக்குமா?" என்றார் கணவர்.

அவள் அலமாரி நிறைய ஆல்பங்கள் இருந்தன. "ஒண்ணுகூட இல்லைங்க. உப்புக் காத்து தின்னுடுச்சு. சுவரையும்தான். மழை வந்தா கடல் தண்ணி அஸ்திவாரத்துக்கே வந்துடும். தங்க வந்தவங்ககிட்ட மறைக்கக் கூடாது பாருங்க, போன வருஷம் இந்த உத்தரம் ஒருத்தர் தலையில விழப் பார்த்துச்சு."

"ஆனா வந்தவங்க திரும்பத் திரும்ப வருவாங்களாமே?"

"ஒரு தடவை வந்தவங்க இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டாங்க."

சொல்லச் சொல்ல நாக்கு கசந்தது. பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் திட்டுவது போலிருந்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

அந்தப் பெண் கணவரைப் பார்த்தார். "இவ்வளவு கெட்டுப் போயிருக்கும்னு நினைக்கலைங்க," என்றார் மெதுவாக.

விளக்கு வைப்பதற்குள் கிளம்பிவிட்டார்கள். கார் வாசலைத் தாண்டும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் அவள் திரும்பினாள். எதிரே தம்பி நின்றிருந்தான்.

"அவங்ககிட்ட என்னக்கா சொன்னே?"

"அவங்க ஓடிப்போறதுக்கு என்ன சொல்லணுமோ அதைச் சொன்னேன். கூடப் பிறந்தவனே முதுகுல குத்துவான்னு நான் கனவுலகூட நினைக்கலைடா."

தம்பி படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "பங்காளிங்க அத்தனை பேரும் ஒண்ணா சேர்ந்துட்டாங்கக்கா. இனிமே விக்கிறதைத் தடுக்க முடியாதுன்னு வக்கீலும் கைவிரிச்சுட்டார். உன்கிட்ட எந்த வாயால சொல்றது? நல்ல கையில ஒப்படைச்சுட்டு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"நல்ல கையா? எவன் வாங்கினா என்னடா? வாங்குற அன்னைக்கே இடிச்சுத் தள்ளத்தானே போறான்?"

தம்பி தலையை நிமிர்த்தவில்லை.

"இவங்க மட்டும்தான்க்கா இடிக்க மாட்டோம்னு சொன்னாங்க."