முடிச்சூர் முகவரி

மகள் கயலுக்கு ஒரு பக்கப் பின்னல் முடிந்துவிட்டது. மறுபக்கம் பின்னச் சீப்பைத் தேடியபோதுதான் போனைப் பார்த்தாள்.

எத்தனையோ தவறிய அழைப்புகள். எல்லாம் ஜெபராஜ் அண்ணன். ஆபீஸில் அவளுடைய டீம் லீடர்.

சென்னையில் புயல் மழை என்று இன்று லீவு விட்டிருந்தார்கள். அதனால்தான் அவள் விடிந்த பிறகு எழுந்தாள். போர்ச்சுகலில் உட்கார்ந்துகொண்டு சென்னை நேரத்துக்கு வேலை பார்ப்பதென்றால் சும்மாவா? தினமும் இருட்டோடு எழ வேண்டும். ஜன்னலை மூடி, விளக்கைப் போட்டு, வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார வேண்டும்.

அவள் சென்னையில் இல்லை என்பது ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது.

போன் மறுபடி அடித்தது. வீடியோ அழைப்பு. பதற்றத்தில் எடுத்துவிட்டாள்.

ஜெபராஜ் மார்பளவு தண்ணீரில் நின்றார். போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தலைக்கு மேலே பிடித்திருந்தார். மற்றொரு கையில் ஒரு லாரி டியூப்.

அவருக்குப் பின்னால் பச்சை கேட். அவளுக்கு நன்றாகத் தெரிந்த கேட்.

“அப்பாடா, எடுத்தியாம்மா. காலைலேர்ந்து அடிக்கிறேன். உன் வீட்டு வாசல்லதான் நிக்கிறேன். பாப்பாவால மாடிப்படி ஏற முடியாதே, அதான் டியூப் எடுத்துட்டு வந்தேன். கதவத் தொற.”



ஆபீஸ் ஆண்டு விழாவில் கயலைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சுற்றிய மனிதர் அவர்.

அந்தக் கயலுக்காகச் சென்னையில் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினாள். எல்லோரும் கையை விரித்தார்கள். இங்கே உள்ள பள்ளியில் அவள் வாய் திறந்து கேட்பதற்குள் வாசலில் சாய்தளம் போட்டுவிட்டார்கள்.

எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று பழைய மேலாளர் கடிதம் கொடுத்தார். அதை நம்பித்தான் விசா கொடுத்தார்கள். பிறகு மேலாளர் மாறினார். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும் சென்னைக்குத் திரும்பியாக வேண்டும் என்றார் புதியவர். திரும்பிவிட்டேன் என்று எழுதினாள். என்றோ காலி செய்த முடிச்சூர் வீட்டின் முகவரியைக் கொடுத்தாள்.

வேலை போனால் விசா போகும். விசா போனால் கயலின் பள்ளி போகும்.

“ஹலோ, கேக்குதாம்மா?”

பொய் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. நாங்க மதுரைக்கு வந்துட்டோம்ண்ணா. அவ்வளவு போதும், நம்பிவிடுவார்.

நம்பித்தானே மார்பளவு தண்ணீரில் நிற்கிறார்.

அவள் போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பளிச்சென்று வெயில். சிவப்பு ஓட்டுக் கூரைகள். அவற்றுக்குக் கீழே ஆறு.

“நாங்க அங்க இல்லண்ணா. போர்ச்சுகல்ல இருக்கோம். சென்னைக்கு வந்துட்டேன்னு சொன்னது பொய். தயவுசெஞ்சு திரும்பிப் போயிடுங்க.”



திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

“பாப்பா பத்திரமா இருக்கால்ல?”

“இருக்காண்ணா.”

“அது போதும். நான் ஒண்ணும் பாக்கல, ஒண்ணும் கேக்கல. நீ உன் வேலையப் பாரு.” சொல்லிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். “இரு, இரு. மொட்டை மாடில யாரோ துணிய ஆட்டுறாங்க. கையில கொழந்த வேற.”

டியூபைத் தள்ளிக்கொண்டு பச்சை கேட்டுக்குள் போனார். அழைப்பு அறுந்தது.

அவள் அப்படியே நின்றாள். அந்த வீட்டுக்கு யார் குடிவந்தார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் புது மேலாளர் கேட்டிருந்தார். எல்லோரும் எங்கே இருக்கிறீர்கள், உடனே எழுதுங்கள். ஒவ்வொருவராக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஜெபராஜ் வாயைத் திறக்க மாட்டார். அவள் மதுரை என்று எழுதலாம்.

எழுதினால், நாளைக்கு அங்கேயும் ஒருவர் டியூப் எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்.

போர்ச்சுகல் என்று எழுதினாள். ஊர், தெரு, கதவு எண், எதையும் விடவில்லை. அனுப்பினாள்.

பிறகு, மேலாளர் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது.

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“அம்மா, ஸ்கூலுக்கு நேரமாச்சு.”

“தெரியும். நேரா உக்காரு.”

மறுபக்கப் பின்னலை இறுக்கிப் பின்னினாள். சாயங்காலம் வரை அவிழக் கூடாது.