வளைவுக்கு அந்தப் பக்கம்

வளைவு திரும்பிய கார் கிறீச்சென்று நின்றபோது, முன்சக்கரம் சாமிதுரையின் நெல்லில் ஏறியிருந்தது.

மூன்று நாள் மழைக்கப்புறம் அன்றைக்குத்தான் வெயில் முகம் காட்டியது. குறுவை நெல் இருபது மூட்டையையும் பாதி ரோட்டில் கொட்டிப் பரப்பி, ஓரமாகக் கல் அடுக்கி, அவரும் பெண்சாதி பொன்னுத்தாயும் காலாலேயே கிளறிக்கொண்டிருந்தார்கள். ஈரம் பதினேழு சதவீதத்துக்குள் இறங்கினால்தான் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள். டோக்கனுக்கு அன்று சாயங்காலம் கடைசி.

சென்னை நம்பர் வண்டி. ஓட்டி வந்த பெண் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"கொஞ்சம் தவறியிருந்தா வாய்க்கால்ல கெடந்திருப்பேன். இலவச கரண்டு, கடன் தள்ளுபடி, எல்லாம் எங்க வரிப்பணம். இப்ப ரோடும் உங்களுக்கேவா?"

"ரோடு போட நெலம் குடுத்ததே நாங்கதாம்மா. ஓட்டுப் போடுற அன்னிக்கு ஊட்டிக்குப் போறவங்க எங்களுக்கு நியாயம் சொல்ல வேண்டாம்" என்றார் சாமிதுரை.

அவள் வளைவைப் பார்த்தாள், நெல்லைப் பார்த்தாள். காரைப் பின்னாலேயே எடுத்து வளைவில் ஓரங்கட்டி, விளக்கை மினுக்க விட்டு, போனைக் காதில் வைத்தபடி வளைவை மறைத்து நின்ற மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

சாமிதுரை கிளறுவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே பார்த்தார். போன வருஷம் இப்படித்தான், பக்கத்து ஊர் வளவன் ரோட்டில் காயப்போட்ட நெல்லை எவனோ போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட, போலீஸ் வந்து கேஸ் எழுதிவிட்டுப் போனது.

அரைமணி ஆயிற்று. கார் நகரவில்லை.

"நிக்கட்டுமே, நமக்கென்ன? இன்னும் ரெண்டு மணி நேரம் வெயில் இருக்குங்க" என்றாள் பொன்னுத்தாய்.

"ஒனக்குத் தெரியாது. டவுன்காரங்க வாய்ச் சண்டையோட விட மாட்டாங்க. போன்ல முடிப்பாங்க. ஆளு வர்றதுக்குள்ள அள்ளு."

அவசர அவசரமாகச் சாக்கில் வாரி, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நிலையத்தில் ஈரம் பார்க்கும் மிஷின் பத்தொன்பது காட்டியது. முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. பொன்னுத்தாய் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது நெல் ஏற்ற வந்த லாரியிலிருந்து டிரைவர் ஜாஃபர் சாதிக் இறங்கினான்.

"ஏண்ணே, வளைவுல ஒரு பொண்ணு வெயில்ல நிக்குதே, உங்க ஊரா?"

சாமிதுரை ஏறிட்டுப் பார்த்தார். "ஏன், என்ன பண்ணுது?"

"வர்ற வண்டியை எல்லாம் கைகாட்டி நிறுத்துது. திரும்புனா நெல்லு காயுது, ஆளு நிக்கிறாங்க, மெதுவாப் போங்கங்குது. மாயவரத்துல ஏதோ கல்யாணம் போல. வெயில் எறங்கினப்புறம் வர்றேன்னு போன்ல சொல்லிக்கிட்டிருந்துச்சு."

சாமிதுரை திரும்பி, மூட்டை மேல் இருந்த பொன்னுத்தாயைப் பார்த்தார்.

"நானும் பயந்துகிட்டு மெதுவாத்தான் திரும்புனேன். அங்க ஒரு மணி நெல்லுகூட இல்லியேண்ணே. யாரு நெல்லுக்குக் காவல் நிக்குது அது?"