தயாபரனின் புது ஃபோர்ஹேண்ட்

"கீய்ங்!"

தயாபரனின் வலது கை அலறியது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை மாட்டியிருந்த உறையின் சத்தம் அது. ஃபோர்ஹேண்ட் அடி கைக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

கோவையில் அவர் ஆடும் டென்னிஸ் கிளப்பில் யாருடைய ஃபோர்ஹேண்ட் மிகச் சிறந்ததோ, அதை அந்த உறை அப்படியே கைக்குக் கொடுத்துவிடும். யாருடையது என்பதை மட்டும் சொல்லாது.

முதல் பந்தே கோட்டை உரசிக்கொண்டு பறந்தது. எதிரே நின்ற அமல்ராஜ் மட்டையைத் தூக்கவே இல்லை. ஆறுக்கு ஒன்று! இருபது வருடத்தில் முதல் முறையாகத் தயாபரன் அவரை ஜெயித்தார்.

ஜெயித்த சூட்டோடு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் போனார்.

"ரேணு, தப்பா நெனைக்காத. இந்த வருஷம் கலப்பு இரட்டையர்ல நான் டாக்டர் ஷீலாவோட ஆடறேன். உன்னோட ஃபோர்ஹேண்ட் என் லெவலுக்கு வராது."

அமல்ராஜ் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஏப்பா, யாரோட அடிப்பா இது? இதுகிட்ட நான் முன்னாடியே தோத்திருக்கேன். யாருன்னுதான் ஞாபகம் வரல."

"யாரோ பெரிய ஆம்பள பிளேயரா இருக்கும்" என்று தண்ணீர் பாட்டிலைத் தூக்கிய தயாபரன், "ஆ!" என்று அலறினார்.

ரேணுகா பையிலிருந்து தைலத்தை எடுத்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்காமலே தோள்பட்டைக்குக் கீழே ஓரிடத்தில் அழுத்தினார்.

"அங்கதானுங்க வலிக்கும். அந்த அடி அடிச்சா எனக்கும் அங்கதான் வலிக்குமுங்க."